முத்திரை வைத்த முதுகு

முதுகு என்று ஒன்று தனக்கு இருப்பதைக் கோதண்டபாணி அதுவரை பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் இருப்பதுபோல் அவனுக்கும் பின்னால் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அந்த முதுகைத்தான் பங்குனி மாதத்து வெயிலில் ஒரு நாள் தௌசீப் பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மண்டியில் நல்ல தோலைக் கண்டவர் பார்க்கும் பார்வை அது.

தௌசீப் அகமதுவுக்கு ஆம்பூரில் சின்னதாக ஒரு தோல் பொருள் கம்பெனி. பெல்ட், கைப்பை, வெளிநாட்டு நாய்களுக்குக் கழுத்துப்பட்டை என்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலமாக வெளிநாட்டுக்காரர்கள் பெல்ட் போடுவதைக் குறைத்துக்கொண்டார்களோ என்னவோ, இரண்டாவது ஷெட்டை மூட வேண்டியதாகிவிட்டது. அங்கே வேலை செய்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் வந்து விழுந்தது ஒரு புது ஆர்டர்.

"வெளிநாட்டுல லீவு நாளானா பெரிய பெரிய ஆளுங்க காட்டுக்குள்ள போய்ட்டு, ஒருத்தர ஒருத்தர் பெயிண்ட் குண்டால சுட்டுக்கறாங்கப்பா," என்று பேக்கிங் செக்‌ஷனில் வேலையிலிருந்த கோதண்டபாணியிடம் பாய் விளக்கினார். "அந்தத் துப்பாக்கிக்குக் காத்து வேணும். சின்ன சிலிண்டர்னா சீக்கிரம் தீந்துடும். பெரிய சிலிண்டர்னா நாள் பூரா சுடலாம். ஆனா அத கையில தூக்கினு ஓட முடியுமா? அதுக்குத்தான் முதுகுல சௌகரியமா மாட்டிக்கற மாதிரி தோல் பட்டை. அது நம்ம வேல."

"சுட்டுக்கினு அப்பறம் இன்னா பண்ணுவாங்க பாய்?"

"வீட்டுக்குப் போய்க் குளிப்பாங்க. நமக்கு எதுக்கு அது. பட்டை சௌகரியமா இருக்குதுன்னு ராணிப்பேட்டையில ஒரு சர்ட்டிபிகேட் வாங்கணும். நீ போய் மாட்டிக் காட்டிட்டு வந்துடு. ஒரு மணி நேர வேல."

கோதண்டபாணிக்கு அடுத்த வாரம் கல்யாணம். பள்ளிகொண்டாவில் மண்டபம் பிடித்தாயிற்று. இந்த ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு லீவில் போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டான்.

முதுகுச் சுமைச் சௌகரியச் சான்றளிப்பு மையம் ராணிப்பேட்டை தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் மூன்று மாடி எழுப்பி நின்றது. வாசலில் 'உங்கள் முதுகு, எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. கூடத்தில் குத்துவிளக்கு. எந்தச் சோதனையையும் விளக்கேற்றாமல் ஆரம்பிப்பதில்லை என்பது மையத்தின் வழக்கம். மையம் தொடங்கிய நாள் முதல் விளக்குகளே அதிகம் ஏற்றப்பட்டன, சோதனைகள் சற்றுக் குறைவு.

சிலிண்டரைத் தூக்கி மாட்டினார்கள். பாதிச் சிப்பம் அரிசியின் கனம் இருந்தது. கருப்பு நிறம், தலையில் ஒரு திருகு, அதிலிருந்து ஒரு நீளமான குழாய். தோல் பட்டை தோளிலும் இடுப்பிலும் வந்து கவ்வியது. இயக்குநர் முனைவர் சூரியபிரகாஷும் வல்லுநர் குழுவும் எதிரே வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் உணர்வுச் சோதனை. ஆளுக்கு ஒரு சிலிண்டர் தங்கள் முதுகில் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். மின்விசிறி சுற்றியது. கடைசி நாற்காலிக்காரர் லேசாகக் குறட்டை விட்டார்.

"அருமையான சௌகரியம்," என்று கண்ணைத் திறந்த இயக்குநர் சொன்னார். "தூக்கமே வருகிறது பாருங்கள்."

"சார், தோள் கொஞ்சம் இழுக்குது," என்றான் கோதண்டபாணி.

இயக்குநர் அவனைப் பார்க்காமல் குழுவைப் பார்த்தார். "மாட்டிக்கொண்டவர் சொல்வதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் பாதிக்கப்பட்டவர். மாட்டிக்கொள்ளாதவர்தான் நடுநிலையாளர்."

அடுத்தது சீல். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் தோலைத் தொட்டவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒரு சாம்பிளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் அதில் நூலைக் கோத்து ஈயமுத்திரை குத்திவிடுவார்கள். அப்புறம் அது சாமி மாதிரி. எண்ணெய்கூடப் போடக் கூடாது. அந்த நூலை அறுத்தால் ஆர்டர் போயிற்று என்று பொருள். சொந்த விரலை அறுத்துக்கொள்ளச் சொன்னால்கூட யோசிப்பார்கள், சீல் நூலை அறுக்கச் சொன்னால் யோசிக்காமல் ஓடுவார்கள்.

"பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்து சீல் வைக்கலாமா சார்?" என்று சீல் அதிகாரி சுப்பராயன் கேட்டார்.

"மேஜைமேல் வைத்தால் அது மேஜையின் சௌகரியம்தானே," என்றார் இயக்குநர். குழு கை தட்டியது.

ஆக, ஆள் உள்ளே இருக்கும்போதே சுப்பராயன் இடுப்புக்குப் பின்னால் இருந்த கொக்கியில் நூலைக் கோத்து முத்திரையைக் குத்தினார். குத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயந்திரம் அவருக்குப் பணி ஓய்வு. அதுதான் அவர் கையால் வைத்த கடைசி சீல். மாலை போட்டு, மைசூர்பாகு கொடுத்து, அவரை மையத்து ஜீப்பில் ஏற்றி வாணியம்பாடிக்கு அனுப்பிவைத்தார்கள். கோதண்டபாணியும் ஒரு மைசூர்பாகைச் சாப்பிட்டுவிட்டு, "சார், இத எப்போ அவுப்பீங்க?" என்று கேட்டான்.

உதவியாளர் மோகனா நல்ல பெண். உண்மையைச் சொல்லிவிட்டாள். "வெச்சவங்கதான் அவுக்கணும்னு விதி. அவர் ரிட்டயர் ஆய்ட்டார். சீல் வைக்கற பொறுப்ப எனக்குக் குடுத்திருக்காங்க. அவுக்கற பொறுப்பு யாருக்கும் குடுக்கல."

கோதண்டபாணி சிலிண்டரோடு பஸ் ஏறினான். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது லக்கேஜா ஆளா என்று கேட்டார். இரண்டும் சேர்ந்து ஒரு சாம்பிள் என்றான் இவன். பின் சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து இடம் கொடுத்து, "மூச்சு வாங்குதாப்பா? ஜன்னலோரமா உக்காரு," என்றாள். உட்காரத்தான் முடியவில்லை. சாயவும் முடியவில்லை. ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா என்று ஆம்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

தெருவில் இறங்கியதும் இன்னொரு தொல்லை. பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் வழிமறித்தாள்.

"கொசு மருந்தா? வெரி குட். எங்க சாக்கடையில மொதல்ல அடி. ஜாஸ்தி அடி."

"ஆயி, இது வெறும் காத்து."

"முனிசிபாலிட்டி அடிக்கறதும் வெறும் காத்துதான். நாங்க வேணாம்னா சொல்றோம்?"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. சாக்கடைப் பக்கம் குழாயை நீட்டி நாலு எட்டு நடந்து காட்டினான். எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் கொசு குறைந்திருப்பதாக இரண்டு தெரு தள்ளிக்கூடப் பேசிக்கொண்டார்கள்.

படுக்கும்போது குப்புறப் படுத்தான். குளிக்கும்போது சிலிண்டரோடு குளித்தான். சட்டையைக் கழற்ற முடியவில்லை, பட்டை சட்டைமேல் அல்லவா கவ்வியிருந்தது. அந்த நீலக் கட்டம்போட்ட சட்டையும் சாம்பிளில் சேர்ந்துவிட்டது. பிரியாணிக் கடைக்குப் போனால் கேஸ் சிலிண்டர் என்று பயந்து அடுப்படியிலிருந்து மாஸ்டர் ஓடிவந்து தூரமாக நிறுத்தி வைத்தே பரிமாறினார். மனுஷன் பேஜாராகிப்போனான்.

தௌசீப் பாய் அவன் நிலையைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். கத்திரியைக் கையில் எடுக்கவும் எடுத்தார். நூல் பக்கம் கொண்டுபோய்விட்டுக் கத்திரியைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

"என்னால முடியல கோதண்டம். ரெண்டாவது ஷெட் ஆளுங்க மூஞ்சிங்க கண்ணு முன்னாடி வருது. நீ சொல்லு, அறுத்துடறேன்."

கோதண்டபாணிக்கும் அந்த முகங்கள் தெரியும். எல்லாம் அவனோடு டீ குடித்தவர்கள். "வேணாம், வுட்டுடுங்க பாய்," என்றான்.

அன்று சாயந்திரம் விஜயகுமாரி ஷிஃப்ட் முடிந்து வந்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் இவள்தான். ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருந்தாள். அவளுக்கு சீல் சாம்பிளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நூலைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், கடைசியில் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். கோதண்டபாணி தலையை மட்டும் ஆட்டினான்.

"இதப் பாருங்க. ஆர்டர் முக்கியம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு முன்னாடியே ஒன்னு உங்களக் கட்டிப் புடிச்சுக்கினு இருக்குது. அது எறங்கினாத்தான் நான் மேடை ஏறுவேன். எங்க வீட்ல எவ்ளோ கெஞ்சினாலும் சரி."

சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவளைப் பிடித்தும் இருந்தது.

மறுநாளே வாணியம்பாடிக்குப் போனான். சுப்பராயன் லுங்கியோடு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்பாக வரவேற்றார். முத்திரையைத் தடவிப் பார்த்து, என்ன அழகாக விழுந்திருக்கிறது என்று பூரித்தார்.

"அவுத்து வுட்டுடுங்க சார்."

"தம்பி, இந்தக் கைக்கு அன்னிக்கி சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் அதிகாரம் இருந்திச்சு. அப்பறம் போய்டுச்சு. நீ பாத்தியே, மாலை போட்டாங்களே, அப்போதான். இப்போ இந்தக் கை செடிக்குத் தண்ணி ஊத்தலாம், சோறு பெசையலாம். ஒரு நூலு அவுக்க முடியாது. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் சீல் வெச்சதுதான் ஜாஸ்தி. அவுத்தது ஒன்னுகூட இல்ல. யாரும் கேட்டதே இல்ல."

"ஏன் சார் கேக்கல?"

"அதுக்குள்ள ஆர்டர் கேன்சல் ஆய்டும்," என்றார் சுப்பராயன், வெகு இயல்பாக.

அங்கிருந்து நேராக ராணிப்பேட்டைக்கு. கல்யாணம் என்று கேட்டதும் இயக்குநர் எழுந்து நின்று கை கொடுத்தார். உடனே குழு கூடியது, விளக்கு ஏற்றியது, முந்திரி பக்கோடா தின்றது. கதவுக்கு வெளியே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான் கோதண்டபாணி. சாயந்திரமாக முடிவு வெளியே வந்தது. சிலிண்டரில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைக் குழு மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டது. வெயிலில் அது சூடாகாமல் இருக்க ஒரு வெல்வெட் உறை வழங்கப்படும். திருமணத்தை மங்கல நிகழ்ச்சிச் சோதனையாக மையம் அங்கீகரிக்கிறது. இயக்குநரும் குழுவும் குடும்பத்தோடு வந்து சிறப்பிப்பார்கள்.

"சைவமா அசைவமா?" என்று மட்டும் மோகனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கல்யாண நாளும் வந்தது. முந்தின நாள் நலங்கில் பெண்டுகள் அவனுக்கு மஞ்சள் பூசியதோடு நிற்காமல் சிலிண்டருக்கும் சந்தனம் வைத்துவிட்டிருந்தார்கள். பட்டு வேட்டி, நீலக் கட்டம்போட்ட சட்டை, முதுகில் சிவப்பு வெல்வெட் உறை என்று மாப்பிள்ளை மணையில் ஏறி நின்றான். மாலை திருகில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் இறங்க மாட்டேன் என்றது. வீடியோக்காரர் அதை மூன்று கோணத்தில் எடுத்தார்.

மணமகள் அறைக் கதவு திறக்கவில்லை. விஜயகுமாரியின் அம்மா பாக்யலட்சுமி உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள்.

"ரெடியா உக்காந்துக்கினு இருக்கா. அது எறங்கட்டும், வர்றேன்னு சொல்றா," என்று கோதண்டபாணியின் காதில் சொன்னாள். "முகூர்த்தம் போயிடப் போவுது மாப்பிள்ள. நான் இன்னா செய்யறது?"

அவனுக்கு முதுகு கனம் மறந்து நெஞ்சு கனத்தது. எதிரே முதல் மூன்று வரிசையில் இரண்டாவது ஷெட் ஆட்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் இயக்குநர் குழுவோடு வந்து, ஐயரை நகரச் சொல்லி, மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இங்கே நிற்கிற கோதண்டபாணி உங்களுக்கு மாப்பிள்ளை. எங்களுக்கு அவர் ஒரு முதுகு. இவருக்கு வலிக்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வலி என்பது தனிநபர் கருத்து. சௌகரியம் என்பதை ஒரு குழு கூடி முடிவு செய்ய வேண்டும். வலிக்கிறது என்று இவரிடமிருந்து எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. சோதனையில் இருப்பவர் புகார் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம், அதனால் வராது. அதுவே எங்கள் வெற்றி. உள்ளே இருப்பது என்ன? காற்று. காற்று ஒரு சுமையா? யாராவது சுமை என்று சொன்னால், இதோ என் முதுகு. நாட்டுக்காக, தோல் தொழிலுக்காக, இந்த முதுகு வாழ்நாள் முழுக்கச் சுமக்கும்."

மண்டபம் கை தட்டியது. தௌசீப் பாய்க்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு பெரிய மனசோடு கேட்கிறாரே என்று ஓட்டமும் நடையுமாக வெளியே போனார். மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்று கார் டிக்கியில் போட்டு வைத்திருந்த இன்னொரு சிலிண்டரைப் பட்டையோடு தூக்கிவந்து, இயக்குநர் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பக்தியோடு மாட்டிவிட்டார். கை தட்டல் இரட்டிப்பானது. வீடியோக்காரர் மேடைமேலேயே ஏறிவிட்டார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் மோகனா பொறுப்போடு முன்னால் வந்து, நூலைக் கோத்து முத்திரையைக் குத்தினாள்.

இயக்குநர் சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். கொஞ்ச நேரம் சிரிக்காமல் நின்றார். அப்புறம் மேடையிலிருந்த சோபாவில் உட்காரப் போனார், சிலிண்டர் முதலில் உட்கார்ந்தது, அவர் பாதியில் நின்றார்.

"மோகனா, போதும். எடும்மா."

"அவுக்கற பொறுப்பு எனக்கு இல்லீங்களே சார்."

"நான் இயக்குநர். உத்தரவு போடறேன்."

"சோதனையில இருக்கறவங்க உத்தரவு போடக் கூடாதுங்க சார். நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான்."

மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னாம்மா பேஜார் பண்ற, தோளு புட்டுக்கிச்சும்மா," என்றார் முனைவர் சூரியபிரகாஷ். சொந்த ஊர் இதே ராணிப்பேட்டைப் பக்கத்து அம்மூர் என்பது அந்தப் பேச்சில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மேடை ஓரத்தில் பூ அலங்காரம் செய்பவர் வைத்திருந்த கத்திரியைப் பிடுங்கி, தலையைத் திருப்பாமலே பின்னால் கையை விட்டு, தன் நூலைத் தானே அறுத்துச் சிலிண்டரைக் கீழே இறக்கினார்.

மூன்று வரிசை ஆட்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் இயக்குநருக்கு மைக் ஞாபகம் வந்தது, வீடியோவும் ஞாபகம் வந்தது.

"மிகமிகச் சௌகரியம்," என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "இதற்குமேல் சோதிக்க அவசியமே இல்லாத அளவு சௌகரியம். சான்றிதழை இந்த மேடையிலேயே வழங்குகிறேன்."

பையிலிருந்து எடுத்து, கையெழுத்திட்டு, பாய் கையில் கொடுத்து, போட்டோவுக்கு நின்றார். இரண்டாவது ஷெட் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மேளக்காரர் தாலி கட்டியாயிற்று என்று நினைத்துக் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

"சார், மாப்பிள்ளையோடது?" என்று பாய் கேட்டார்.

"அது உரிய நடைமுறைப்படி. அவிழ்க்கும் பதவி நிரப்பப்பட்டதும் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு இயக்குநர் தோளைப் பிசைந்துகொண்டே பந்திக்குப் போனார். குழுவும் பின்னாலேயே போனது.

கோதண்டபாணி மணையிலேயே நின்றான். சான்றிதழ் வந்துவிட்டது, ஆர்டரும் உறுதியாகிவிட்டது, நூல் மட்டும் அப்படியே இருந்தது. பாயும் அவனைப் பார்த்தார், மூன்று வரிசையும் பார்த்தது. யாருக்கும் கை எழவில்லை. தானே அறுத்துக்கொள்ளலாம் என்பது அவனுக்கும் தோன்றவில்லை. இத்தனை நாளில் அவனும் அதற்குப் பழகிவிட்டிருந்தான்.

மணமகள் அறைக் கதவு திறந்தது. உள்ளே இருந்தபடியே மைக்கில் எல்லாவற்றையும் கேட்டிருந்த விஜயகுமாரி, கூறைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"அந்தக் கத்திரியக் குடுங்க."

பூக்காரர் கொடுத்தார். கோதண்டபாணி மேடை விளிம்புக்கு வந்து நின்றான். அவள் கீழே நின்றபடியே எக்கி, அவன் இடுப்புக்குப் பின்னால் கையை விட்டாள். க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கூரை இடிந்து விழவில்லை, பந்தியிலிருந்து யாரும் ஓடிவரவில்லை, உள்ளே இயக்குநர் இன்னொரு வடை கேட்கும் குரல்தான் கேட்டது. ஈயமுத்திரை உருண்டு போய் ஐயரின் தாம்பாளத்தடியில் நின்றது. முதல் வரிசையில் ஒருவர் மெல்ல, "அவ்ளோதானா?" என்று கேட்டார்.

பாய் சிலிண்டரைக் கழற்றி எடுத்ததும் கோதண்டபாணி முன்னால் சாய்ந்தான். பின்னால் இழுக்கிற கனத்துக்கு ஈடாக முன்னால் குனிந்தே பழகிய உடம்பு, இப்போது நிற்கத் தெரியாமல் தடுமாறி நேராக அவள் மேல் விழுந்தது. விஜயகுமாரி இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பட்டை கவ்வியிருந்த இடம் என்று தெரிந்ததும் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் மேடை ஏறினாள்.

"நேரா நில்லுங்க," என்றாள். "தாலிய என் கழுத்துல கட்டணும், கீழ தரையில இல்ல."

அவனால் உடனே முடியவில்லை. அவள் அவன் முதுகில் கை வைத்து மெதுவாக நிமிர்த்தினாள். ஐயர் சைகை காட்டினார். மேளக்காரர் இந்தத் தடவை ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் வாசித்தார்.